ஆறு பேர் போதும்: கொழும்பில் முதியோர் பராமரிப்புக்கு ஆள் பழக்கத் தொடங்குவோருக்கு

“அம்மாவைப் பார்க்க ஓர் ஆள் வேணும். நம்பிக்கையான ஆளாக. நாளைக்கே வேணும்.” லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ இரவு பதினொரு மணிக்கு இப்படி அழைப்பு வரும். அம்மா வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் தனியாக இருப்பார். குளியலறையில் விழுந்திருப்பார், அல்லது அடுப்பை அணைக்க மறந்திருப்பார். மகனுக்கு லீவு இரண்டு கிழமைதான்.

இந்த அழைப்புகளை நம்பி வீட்டுப் பராமரிப்புச் சேவை தொடங்க நினைப்பவர்கள் நிறைய. தேவை இருக்கிறது, உண்மை. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம், அதாவது எட்டுப் பேருக்கு ஒருவர். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டுதான் போகிறது. 2022 பொருளாதார நெருக்கடியோடு பிள்ளைகளும் வெளிநாடு போனார்கள், பார்க்கத் தெரிந்த ஆட்களும் போனார்கள். தொடங்குபவர்கள், இதே சேவையை நடத்தும் என்னிடம் கேட்பது மூன்று கேள்விதான்: ஆட்களை எங்கே எடுப்பது, என்ன சான்றிதழ் வேண்டும், எவ்வளவு சம்பளம். எடுத்த ஆளை எப்படிப் பழக்குவது என்று கேட்பவர் குறைவு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பற்றியது.

யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

நடமாடும் முதியவருக்குத் துணை, படுக்கையில் இருப்பவர், மறதி நோய் உள்ளவர். இந்த மூன்றும் மூன்று வேலைகள். முதல் ஆறு மாதம் முதலாவதை மட்டும் எடுங்கள், அல்லது முதல் இரண்டை. மூன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்களைத் தேடி ஓடியவர்கள் யாரும் ஆட்களைப் பழக்கியதை நான் பார்த்ததில்லை; பழக்க நேரம் இருக்காது.

அதே கையோடு ஒரு தாளில் எல்லையையும் எழுதிவிடுங்கள். ஊசி போடுவது, மூக்குக் குழாய் போடுவது, ஆழமான புண்ணுக்கு மருந்து கட்டுவது எல்லாம் தாதியின் வேலை. பராமரிப்பாளர் குளிப்பாட்டுவார், உடுப்பு மாற்றுவார், ஊட்டுவார், நடத்துவார், டாக்டர் எழுதிய மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பார், அன்றன்று கவனித்ததை எழுதி வைப்பார். வீட்டுக்காரர் இந்தத் தாளில் கையெழுத்து வைத்தால் நல்லது. “மிஸ், ஊசியையும் நீங்களே போட்டுவிடுங்கோவன்” என்ற கோரிக்கை இரண்டாம் நாளே வரும்.

கடதாசி வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தங்க வைத்துப் பார்க்கும் முதியோர் இல்லமாக நடத்தப் போகிறீர்கள் என்றால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதியோருக்கான தேசிய செயலகத்தில் கேட்காமல் கட்டில் வாங்க வேண்டாம்.

ஆட்கள்

உயர்தரம் எழுதிவிட்டு வரும் இளம் பிள்ளைகளுக்குக் கண் ஜப்பானில் இருக்கும். அவர்களையும் எடுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் தொடங்க ஆறு பேர் போதும், அந்த ஆறு பேரில் மூன்று பேராவது முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களாக இருக்கட்டும். மாமியாரையோ தகப்பனையோ வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள், ஹட்டனிலும் இருக்கிறார்கள், வவுனியாவிலும் இருக்கிறார்கள். ஒரு ஆணாவது கட்டாயம் வேண்டும். எண்பது கிலோ எடையுள்ள ஐயாவை ஒரு பெண் தனியாகத் தூக்க முடியாது. அதைவிட, அந்த ஐயாவே ஒரு பெண் கையால் குளிக்க வரமாட்டார்.

நேர்முகத்தில் நான் கேட்பது ஒரே கேள்வி: “கடைசியாக யாரைக் குளிப்பாட்டினீர்கள்? அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.” சிலர் வேலையைச் சொல்வார்கள். சிலர் ஆளைச் சொல்வார்கள்: “ஆச்சிக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினால் பயம், அதால் முதலில் காலில் ஊற்றுவேன்.” இரண்டாவது வகை ஆளை வேலைக்கு எடுங்கள், படிப்பு எட்டாம் வகுப்பாக இருந்தாலும். எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. காரணம் கொப்பிக்கு வரும்போது புரியும்.

அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தர் நற்சான்றிதழ், அவசரத்துக்கு அழைக்க இரண்டு இலக்கங்கள் வாங்கி வையுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுப்பியுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தடவை போட வேண்டும்: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் கடைசி. அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் எங்கே எடுப்பது

இலங்கையில் இந்தத் தொழிலுக்கு மதிப்புள்ள தாள் என்.வி.கியூ, அதாவது தேசிய தொழில் தகைமை. மொத்தம் ஏழு மட்டம். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். பராமரிப்பாளருக்கு மூன்றாம் மட்டத்தை இலக்காக வைத்துத் தொடங்கலாம். இந்த முறையை நடத்துவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. நாரஹேன்பிட்டியில் எல்விட்டிகல மாவத்தையில் ‘நிபுணதா பியச’ என்ற கட்டடத்தில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையும் அதே இடத்தில்தான், ஒரு பயணத்தில் இரண்டு வேலையும் முடியும்.

உங்களுடைய முப்பத்தைந்து வயது ஆட்களுக்கு வகுப்பில் மாதக்கணக்கில் உட்கார முடியாது. அவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டினால் அதே சான்றிதழ் கிடைக்கும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு திறந்து, பார்த்த வேலை, நாட்கள், வீட்டுக்காரர் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள். ஒரு வருடம் கழித்துத் தேடினால் எதுவும் கிடைக்காது.

முதலுதவியைச் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென்ட் ஜோன் அம்புலன்ஸிலோ படிக்க அனுப்பலாம். 1986இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்காவும் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சியில் பழையது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: உங்கள் ஆட்களுக்கு நீங்களே சொல்லிக் கொடுப்பது வேறு, வெளியாட்களிடம் காசு வாங்கிப் பாடநெறி நடத்திச் சான்றிதழ் கொடுப்பது வேறு. இரண்டாவதற்கு அந்த ஆணைக்குழுவில் பதிவு வேண்டும்.

சரி, சான்றிதழ் வந்துவிட்டது. இனி என் கதை ஒன்று. தொடங்கிய வருடம், நல்ல சான்றிதழோடு வந்த பெண் ஒருத்தியை நேரே ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். ஆச்சி படுக்கையில். ஒன்பதாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது இடது குதிக்காலில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கருஞ்சிவப்பு. “இது எப்ப இருந்து?” என்று கேட்டேன். “தெரியேல்ல மிஸ், அவ சொல்லேல்ல” என்றாள். ஆச்சிக்குச் சீனி வருத்தம், காலில் உணர்ச்சியே இல்லை, எப்படிச் சொல்வார்? அழுத்தப் புண்ணைப் பற்றி, அதாவது ஒரே இடம் அழுந்திக் கிடப்பதால் வரும் புண்ணைப் பற்றி, அந்தப் பெண் பரீட்சையில் எழுதியிருக்கிறாள். சொக்ஸைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வரவில்லை, வர வைக்காதது நான். அந்தப் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது.

மூன்று வாரப் பழக்கம்

அதற்குப் பிறகு யாராக இருந்தாலும், சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்று வாரம் என்னோடு. முதல் வாரம் அறைக்குள். ஒரு கட்டில், ஒரு சக்கரக் கதிரை, ஒரு கொமட் கதிரை, ஒரு பேசின் போதும். பொம்மை வாங்கக் காசை வீணாக்காதீர்கள். ஒருவரையொருவர் வைத்தே பழகட்டும்.

முதல் நாள் எல்லோரும் நோயாளியாக இருக்க வேண்டும். கண்ணைக் கட்டி, கையை மடியில் வைத்து, இன்னொருவர் குழைத்த சோறு ஊட்ட வேண்டும். பெரிய கரண்டி எவ்வளவு பயமுறுத்தும், விழுங்கு முன் அடுத்த கரண்டி வந்தால் எப்படி இருக்கும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பாம்பர்ஸ் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் படுக்கவும் வைப்பேன். முதலில் சிரிப்பார்கள். அரை மணித்தியாலத்தில் சிரிப்பு நின்றுவிடும், முதுகு வலிக்கத் தொடங்கியிருக்கும். படுக்கையில் இருப்பவரை ஏன் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் விளக்குவதில்லை.

இரண்டாம் நாளிலிருந்து தூக்கி மாற்றும் வேலை. பக்கவாதத்தில் இடப்பக்கம் பலவீனமான ஓர் ஐயாவைக் கட்டிலிலிருந்து சக்கரக் கதிரைக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். கதிரை அவருடைய நல்ல பக்கத்தில், வலப்பக்கத்தில், கட்டிலை ஒட்டிக் கொஞ்சம் சாய்வாக நிற்க வேண்டும். இரண்டு பிரேக்கும் போட்டு, காலை வைக்கும் தட்டுகளை மடக்கிவிடுங்கள். அவரை எழுப்பிக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து இரண்டு நிமிடம் கதையுங்கள், அவசரம் வேண்டாம். படுத்திருந்தவர் திடீரென எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அந்த இரண்டு நிமிடத்தில் சாரத்தைப் பாருங்கள்: கீழே தொங்கினால் மடித்துக் கட்டுங்கள். சாரம் தடக்கி விழுந்த கதைகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. வழுக்காத செருப்பு, இரண்டு பாதமும் தரையில்.

இப்போது முன்னால் நின்று, உங்கள் முழங்காலால் அவருடைய பலவீனமான முழங்காலுக்கு முட்டுக் கொடுங்கள். பிடி இடுப்பில், அகலமான பட்டியில். கக்கத்துக்குள் கை விட்டுத் தூக்குவதும் பலவீனமான கையைப் பிடித்து இழுப்பதும் தோள்மூட்டைக் கழற்றிவிடும். “ஐயா, முன்னுக்குக் குனியுங்கோ. ஒன்று, இரண்டு, எழும்புங்கோ.” அவர் குனிந்தால் எடை தானே காலுக்கு வரும், நீங்கள் தூக்கவே தேவையில்லை. மெதுவாகத் திருப்பி, கதிரை அவர் காலின் பின்பக்கம் முட்டியதும் இறக்குங்கள். இதை ஒவ்வொருவரும் ஐம்பது தடவை செய்ய வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டு இந்தத் தொழிலை விட்டவர்கள், சம்பளம் போதாமல் விட்டவர்களைவிடக் குறைந்தவர்கள் இல்லை.

உடுப்பு மாற்றுவதற்கு ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுங்கள்: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். குளிக்கத் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்து அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. பக்கவாதம் வந்தவருக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் அதிகம் புரையேறும். இதைக் கேட்டு ஆச்சரியப்படாத ஆளை நான் இன்னும் காணவில்லை. சொதியையும் தேநீரையும் எந்தப் பதத்தில் கொடுப்பது என்று டாக்டரிடமோ பேச்சு சிகிச்சையாளரிடமோ கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இரண்டாம் வாரம் ஆபத்துகள். சீனிக்கு மருந்து எடுப்பவர் வியர்த்து, நடுங்கி, தடுமாறிக் கதைத்தால் முடிந்தால் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே என்றால், விழுங்கக்கூடியவருக்கு மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. முகம் கோணினால், ஒரு கை எழும்பாவிட்டால், பேச்சு குழறினால் உடனே 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது “கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார்?” என்பதுதான். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்த மணிக்கணக்கு உங்கள் ஆளின் வாயிலிருந்துதான் வர வேண்டும். அப்புறம், நேற்றுவரை தெளிவாக இருந்த ஆச்சி இன்று ஆட்களை அடையாளம் மாறிச் சொன்னால் “வயது போய்விட்டது” என்று விடக் கூடாது. சிறுநீரில் கிருமியாக இருக்கலாம், தண்ணீர் குடிக்காததாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கொழும்புக்கென்று சில பாடங்களும் உண்டு. லிஃப்டின் கதவை அளந்து பாருங்கள். பழைய மாடிகளில் சக்கரக் கதிரை உள்ளே போகாது. குளியலறை வாசலில் நான்கு அங்குலப் படி இருக்கும். அழுத்தப் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை கரண்டில் ஓடுவது, 2022இல் கரண்ட் போனபோது அது தட்டையானதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: மெத்தை இருந்தாலும் புரட்டுவதை விடக் கூடாது. அத்தோடு சிங்களம். ஃபார்மசியில், முச்சக்கர வண்டியில், வார்டில் எல்லாம் சிங்களம்தான். தோட்டத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வருபவர்களுக்கு ஒரு முப்பது சொல்லாவது வேண்டும். வலிக்கிறதா என்பதற்கு ‘ரிதெனவாத’, மருந்துக்கு ‘பெஹெத்’, மூச்சு எடுக்கக் கஷ்டம் என்பதற்கு ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’. தினமும் காலையில் பத்து நிமிடம், சத்தமாக.

மூன்றாம் வாரம் உண்மையான வீடு, பழைய ஆள் ஒருவரோடு. முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது, இரண்டாம் நாள் சேர்ந்து செய்வது, பிறகு புதியவர் செய்யப் பழையவர் பார்ப்பது. அந்த ஐயா பல் தீட்ட முன்னால் தேநீர் குடிப்பவரா, பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து வாசிப்பவரா, எந்தச் சாமி படத்துக்கு முன்னால் நிற்பார் என்பதெல்லாம் இந்த நாட்களில்தான் கிடைக்கும். மறதி நோய் உள்ளவருக்கு இவைதான் மருந்து மாதிரி. ஐந்து மணிக்கு “வீட்டுக்குப் போகவேணும்” என்று எழும்பும் அம்மாவிடம் “இதுதான் உங்கட வீடு” என்று வாதாடினால் சண்டைதான் வரும். “வீட்டில ஆர் இருக்கினம் அம்மா?” என்று கேட்டு, கதையைத் தொடங்கி, கையைப் பிடித்து இரண்டு சுற்று நடக்க வைத்தால் பெரும்பாலும் தணியும்.

கொப்பி

நூறு பக்கக் கொப்பி ஒன்று, ஒவ்வொரு வீட்டுக்கும். ‘இன்று நன்றாக இருந்தார்’ என்று எழுதுவதைத் தடை செய்யுங்கள், அதில் ஒரு செய்தியும் இல்லை. இப்படி எழுதப் பழக்குங்கள்:

‘காலை 6.30 எழும்பினார். இரவு மூன்று தடவை மூத்திரம். 7.15 பிரஷர் 150/85. மாத்திரை கொடுத்தேன். இடியப்பம் இரண்டு, சொதியோடு. மூன்றாவதை வேண்டாம் என்றார். 9.00 குளிப்பு. வலது இடுப்பில் சிவப்பு, விரலால் அழுத்தினால் வெள்ளையாகவில்லை. மிஸ்ஸுக்கு 9.20க்குச் சொன்னேன். அந்தப் பக்கம் படுக்க விடவில்லை.’

கடைசி மூன்று வரியை எழுதத் தெரிந்தவர் தேர்ந்த ஆள். அழுத்தினால் நிறம் மாறாத சிவப்பு, புண்ணின் முதல் படி. அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் புண்ணாகாமல் தடுக்கலாம். தமிழில் எழுதட்டும், எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். பிழைக்கு வெட்கப்பட்டு எழுதாமல் விடுவார்கள். கிளினிக் கொப்பியோடு இதையும் டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒரு டாக்டர் அதை வாசித்துவிட்டு “இதை எழுதினது ஆர்?” என்று கேட்டால், அந்தப் பெண் அன்று வீட்டுக்குப் போகும் நடையே வேறு.

வீட்டுக்காரரையும் பழக்க வேண்டும்

பராமரிப்பாளர் முழுக் குடும்பத்துக்கும் சமைக்கமாட்டார், எல்லோருடைய உடுப்பையும் தோய்க்கமாட்டார். முதியவரின் சாப்பாடு, முதியவரின் உடுப்பு, முதியவரின் அறை. இதை முதல் நாள் நீங்கள் சொல்ல வேண்டும், உங்கள் ஆள் சொல்லும்படி விடக் கூடாது. “24 மணித்தியாலமும் ஆள் வேணும்” என்பவர்களிடம் ஒரு மனுஷி 24 மணித்தியாலம் விழித்திருக்க முடியாது என்று சொல்லுங்கள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருவராக இரண்டு பேர், அல்லது தங்கி வேலை என்றால் தொடர்ச்சியாக இரவுத் தூக்கமும் கிழமையில் ஒரு நாள் லீவும். படுக்க இடம் குசினித் தரை என்றால் அந்த வீடு வேண்டாம். இப்படிச் சொல்லி நான் இழந்த வீடுகள் உண்டு.

ஆட்கள் நிற்க

நீங்கள் நிறுவனமாக ஆட்களை வேலைக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், உங்கள் பக்கத்தால் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 சதவீதம் கட்ட வேண்டும். இதைச் செலவாக மட்டும் பார்க்காதீர்கள். தரகர் கொண்டுவரும் ஆளுக்கும் உங்கள் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் சம்பளச் சிட்டையில் தெரியும். சம்பளத்தில் படி வையுங்கள்: துணை இருப்பவர், படுக்கை நோயாளியைப் பார்க்கத் தெரிந்தவர், புதியவரைப் பழக்குபவர். மூன்றாவது படிக்கு வந்தவருக்குக் கூடுதல் காசு கொடுங்கள், பழக்குவதும் ஒரு வேலை.

பிறகு சொல்கிறேன் என்று சொன்ன ஜப்பான் விஷயம். ஜப்பான் வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுக்கும் ‘குறிப்பிட்ட திறன் தொழிலாளர்’ திட்டத்துக்கு இலங்கையும் ஜப்பானும் 2019இல் ஒப்பந்தம் செய்தன. பராமரிப்பு வேலைக்கு மூன்று பரீட்சை: பராமரிப்புத் திறன், பராமரிப்புக்கான ஜப்பானிய மொழி, பொது ஜப்பானிய மொழி. பொது மொழிக்கு ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழிப் பரீட்சையில் என்4 மட்டம் போதும். போகிற பிள்ளையை ஒளித்துப் போக வைக்காதீர்கள். சேரும்போதே “போகலாம், மூன்று மாதம் முன்னால் சொல், உன் இடத்துக்கு ஒருத்தியைப் பழக்கிவிட்டுப் போ” என்று பேசிக்கொள்ளுங்கள். முகவர் யாராவது காசு கேட்டால், பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். தொலைபேசி 1989.

மாதக் கடைசி ஞாயிறு எல்லோரையும் கூப்பிடுங்கள். மதியச் சாப்பாடு போடுங்கள். வீடுகளில் அந்த நேரத்துக்கு மாற்று ஆளாக நீங்களே ஒரு வீட்டில் போய் நிற்க வேண்டி வரலாம், நில்லுங்கள், அதுவும் பிரயோசனம். சாப்பிட்ட பிறகு கொப்பிகளை மேசையில் வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்த ஆச்சியின் குதிக்காலைக் கவனிக்காமல் விட்ட பெண் இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறாள், புதியவர்களைப் பழக்குவது அவள்தான். யார் வாசித்து முடித்தாலும் அவள் கேட்பது ஒன்றுதான்: “சொக்ஸைக் கழட்டிப் பாத்தனீரா?”